பத்து வெள்ளியில் வளர்ந்த பந்தம்



தோட்டத்து லயத்தில் ஒரு சாவு விழுந்தால், அந்த வீட்டார் தனியாக அழுததில்லை. பக்கத்து வீட்டார் பந்தல் போடுவார்கள், எதிர்வீட்டார் காப்பி கலக்குவார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய் ஆளுக்கு இரண்டு வெள்ளி வசூலிப்பார். ஜாசின், அலோர்காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது மறந்திருக்காது. "இன்றைக்கு அவனுக்கு, நாளைக்கு எனக்கு" என்பதுதான் அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளிக்கு வேலை போனது. வேலையை நம்பிக் கிடைத்த லயத்து வீடும் கூடவே போனது.

அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிக்குப் பங்கு சேருங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல. ஆனாலும் பால்மரம் வெட்டியவர்கள் கொடுத்தார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரத்தடியில் கூலியாக நின்றவர் பங்காளி ஆனார்.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844-இல் 28 பேர் கூடிக் கடை திறந்தபோது வகுத்த கொள்கையும் இதுதான்: பணம் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. கூட்டுறவில் மதிப்பு மனிதனுக்கு, பணத்துக்கு இல்லை.

இன்று பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் தாமான்களில் குடியிருக்கிறார்கள். தாத்தாவின் பங்குப் பத்திரம் சில வீடுகளில் தகரப் பெட்டியில் கிடக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். வாரிசுப் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று சங்கத்தில் விசாரியுங்கள். பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போய்க் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத சங்கம் நாளடைவில் வெறும் கம்பெனி ஆகிவிடும்.

அதோடு இன்னொன்று. தாமானில் மூன்றாவது வீட்டில் நடந்த சாவு, மறுநாள் கைத்தொலைபேசியில்தான் தெரிய வருகிறது. லயத்தில் அப்படி நடந்ததே இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை ஒவ்வொரு தாமானிலும் மறுபடி திறக்கலாம். முதல் பெயரை எழுத ஒருவர் முன்வந்தால் போதும்.