ஜமீன் போன பின்: சேற்றூர்ச் சீமையில் நிலச் சட்டங்கள்



இன்று சேத்தூர் என வழங்கும் ஊரைப் பழைய நூல்களின் முகப்பேடுகள் சேற்றூர் என்றே எழுதும். சேற்றூர்ச் சமஸ்தான வித்துவான் என்னும் அடைமொழியோடு மு. ரா. கந்தசாமிக் கவிராயர் முதலானோரின் பெயர் அச்சேறிய காலம் உண்டு. இலக்கியக் கழகங்கள் இவ்வூரை நினைக்குங்கால் அப்புரவலர்களையே நினைப்பது வழக்கம். அது தவறன்று. ஆயினும் புலவர்க்கு அளந்த நெல் எந்த வயலில் விளைந்தது, அவ்வயலை உழுதவன் யார், ஜமீன் போன பிறகு அவன் கைக்கு என்ன வந்தது என்னும் வினாக்களும் கேட்கத்தக்கனவே.

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பாளையம் இது. பாளையக்காரர் போர்கள் 1801இல் அடங்கின. 1802ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வை ஒழுங்குமுறைப்படி, திருநெல்வேலிச் சீமையின் எஞ்சிய பாளையங்கள் 1803இல் ஜமீன்களாயின. வாளும் காவலும் கொண்டு ஆண்டவர், பேஷ்குஷ் கட்டி ஆள்பவர் ஆனார். நிலம் யாருடையது என்பதற்கு அந்நாளில் நேரான விடை இல்லை. மேல்வாரம் ஜமீனுக்கு, குடிவாரம் குடிக்கு என்ற பங்கீடே இருந்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளின் சாகுபடி உரிமைக்கு எழுத்து வடிவம் தந்தது. பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக் கொண்ட குடியை ஜமீன் எண்ணியபடி வெளியேற்ற இயலாமற் போயிற்று. ஜமீனின் சொந்தப் பயிர்நிலத்தை மட்டும் அச்சட்டம் பண்ணை, கம்பத்தம் எனத் தனியே பிரித்தது. இப்பிரிவை மனத்திற்கொள்ள வேண்டும்; நாற்பது ஆண்டு கழித்துப் பலருடைய வாழ்வு இதனைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம், அதாவது எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம், தமிழகத்தின் பெருஞ்சட்டங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் ஒன்பதாம் அட்டவணை உருவானபோது, அதில் இடம்பெற்ற பதின்மூன்று சட்டங்களுள் இதுவும் ஒன்று. அறிவிக்கை வெளியான நாளில் ஜமீன் முழுவதும், வில்லங்கம் ஏதுமின்றி, அரசைச் சேர்ந்தது. ஜமீன்தாருக்கு அடிப்படை ஆண்டுத் தொகையைப் போல் பன்னிரண்டரை மடங்கு முதல் முப்பது மடங்கு வரை ஈட்டுத்தொகை வகுக்கப்பட்டது. வருவாய் பெருகப் பெருக மடங்கு குறைந்தது. குடிகளுக்கு அவரவர் நிலத்துக்கு ரயத்துவாரிப் பட்டா. பண்ணை நிலத்துக்கும், உரிய நிபந்தனைகளோடு தாமே பயிரிட்டு வந்த பிற நிலத்துக்கும் ஜமீன்தார்க்கே பட்டா. இறுதி நேரத்தில் தம் ஆட்களைக் குடிகளாக்கிக் காட்டும் சூழ்ச்சியைத் தடுக்க, 1945 ஜூலை 1ஆம் நாளுக்குப் பின் ஜமீன்தாரால் நிலத்தில் அமர்த்தப்பட்டோர்க்குப் பட்டா உரிமை இல்லை என்றும் விதித்தனர். நுண்ணிய ஏற்பாடே. நூறு ஆண்டுகளுக்கு மேல் வேறொருவருக்கு மேல்வாரம் அளந்த குடும்பம் நேரே அரசுக்குத் தீர்வை கட்டும் குடும்பம் ஆனது சிறிய மாற்றம் அன்று.

ஆனால் அப்பட்டாவில் பெயர் ஏறியது யாருக்கு? ஜமீன் கணக்கில் குடி எனப் பதிவானவர்க்கு. அவரிடம் வாரத்துக்கு வாங்கி உழுதவன் அக்கணக்கில் இல்லை. வாரத்துக்கும் கீழே, களத்தில் கூலிநெல் பெற்ற பள்ளரும் பறையரும் சக்கிலியரும் எந்தக் கணக்கிலும் இல்லை. நிலவரித்திட்ட அலுவலர் ஊருக்கு வந்து கேட்டது ஏட்டை, காட்டியவர் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளைப் பதவியோ அந்நாளில் பரம்பரையாகவே இருந்தது. எழுத்தால் நிலம் கொண்டவனுக்குச் சட்டம் துணை செய்தது. கையால் நிலம் கொண்டவனை அது காணவே இல்லை. இன்னொன்றும் உண்டு. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தரிசு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. அரசின் தரிசிலன்றோ அரசு கொடுக்க முடியும்? ஜமீன் ஊர்களில் தரிசு ஜமீனுடையது. ஆகவே ரயத்துவாரி ஊர்களின் சேரிகளுக்கு அந்த ஏட்டளவிலான உரிமையேனும் இருந்தது; ஜமீன் ஊர்களின் சேரிகளுக்கு அதுவும் இல்லை.

இக்குறையை அரசு உணராமல் இல்லை. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இன் நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சைக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கும், இறைத்துப் பாய்ச்சும் நஞ்சைக்கு 35 பங்கும், ஏனைய நிலத்துக்கு மூன்றில் ஒரு பங்குமே நிலமுடையார் பெறலாம் என்றது. பாதிக்குப் பாதி அளந்து பழகிய களத்தில் இது பெரும் சலுகை. ஆனால் வாரம் வாய்ச்சொல். தான் குத்தகைதாரன் என்று மெய்ப்பிக்கும் சுமை உழுதவன் தலையில். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பதிவுக்கு மனுக் கொடுத்தவனுக்கு அடுத்த பருவம் உழவு கிடைக்குமா என்பதே அவன் முன் நின்ற கேள்வி. நிலமுடையவரே விதைப்புக்குக் கடன் கொடுப்பவராகவும், மகள் திருமணத்துக்கு முன்பணம் தருபவராகவும் இருக்கும் ஊரில், வட்டாட்சியர் அலுவலகம் நெடுந்தொலைவு.

நில உச்சவரம்புக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் 58ஆம் எண் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரையறுத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. ஐவருக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 தர ஏக்கர்; பெண்களின் சீதன நிலம் வேறு. தர ஏக்கர் என்பது தீர்வையைப் பொறுத்தது. தீர்வை குறைந்த புஞ்சையில் அது பல ஏக்கராக விரியும். சட்டம் வருவது முன்னரே தெரிந்ததால் பாகப்பிரிவினைப் பத்திரங்களும் பினாமிப் பெயர்களும் முந்திக்கொண்டன. இம்மலையடிவாரத்தைப் பொறுத்தவரை விலக்குகளே பெரிது. 1959 ஜூலை 1ஆம் நாளுக்குள் தோப்பாக மாற்றப்பட்ட நிலத்தை மூலச் சட்டம் விலக்கியது. மாவும் தென்னையும் நிழல் செய்யும் இராசபாளைய வட்டாரத்தில் இவ்விலக்கின் பொருளை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமய அறநிலையங்களின் நிலமும் வரம்புக்குள் வரவில்லை. பக்கத்து ஊரின் பெயரே தேவதானம். நச்சாடை தவிர்த்த சுவாமி கோயில் கொண்ட ஊர்.

நிற்க. நிலத்தைவிட நீரின் கதையே துயரமானது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய் நிரப்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குச் செல்லும் நாடு இது. நீர்நிலை அமைப்போரே நாட்டுக்கு உயிர் தருவோர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய செய்தி புறநானூற்றின் 18ஆம் பாட்டில் உள்ளது. ஜமீன் காலத்தில் இக்கடமை செம்மையாக நடந்தது என்று சொல்வதற்கில்லை. கண்மாய் பழுதுபார்க்கப்படாவிடில் குடிகள் கலெக்டரிடம் முறையிடலாம் என 1908ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது எனின், பழுதுகள் எத்துணை என்பது விளங்கும். ஆயினும் கரை உடைந்தால் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. கண்மாய் வற்றினால் ஜமீனின் வருவாயும் வற்றும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் புறம்போக்கு, தரிசு, காடு, கண்மாய், பாசன அமைப்பு அனைத்தையும் அரசிடம் சேர்த்தது. பின்னர் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்தன. மேல் கண்மாய் ஓர் அலுவலகத்தில், கீழ்க் கண்மாய் வேறோர் அலுவலகத்தில். இடையிலுள்ள வரத்துக்கால் வருவாய்த் துறையின் புறம்போக்கு. 1858ஆம் ஆண்டின் குடிமராமத்துச் சட்டம் ஏட்டில் இருந்தது. மண்வெட்டியோடு வருமாறு ஊரை அழைக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. பட்டா பெற்றவர்களுள் வசதியுள்ளோர் கிணறு வெட்டினர், பம்பு செட்டு வைத்தனர். கண்மாயை நம்பியிருந்தோர் எஞ்சிய சிறு குடிகள். நிலமில்லாதவர் இராசபாளையத்தின் நூற்பாலைகளுக்கு நடந்தனர்.

காட்டைப் பற்றி ஒரு சொல். ஜமீன்தார்கள் மரங்களை வெட்டி விற்றுவிடாதபடி 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, காடு பிழைத்தது. இம்மலைத்தொடர் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. விறகும் தேனும் தேடிச் சென்றோர்க்கு ஒவ்வொரு பெயர் மாற்றமும் ஒரு புது வேலி. பளியர்களுக்கு உரிமை பேசிய சட்டம் வர 2006 ஆயிற்று.

குடிமராமத்து என்னும் சொல் 2017இல் அரசின் திட்டப் பெயராக மீண்டது. செலவில் நூற்றுக்குப் பத்து ஆயக்கட்டு விவசாயிகளின் பங்காக இருந்தது. பணி அவர்களுடைய சங்கத்தின் பொறுப்பாக இருந்தது. சங்க உறுப்பினர் யார் என்பதைப் பாசன முறைகளின் விவசாயிகள் மேலாண்மைச் சட்டம் 2000இலேயே சொல்லிவிட்டது: ஆயக்கட்டில் நிலமுடையவர். முன்னாளில் மண் சுமந்து கரை உயர்த்தியவரின் பேரன், இன்று மறுகாலில் மீன் பிடிப்பவன், கரையில் ஆடு மேய்ப்பவன், கீழ்வயலில் நாற்று நடும் பெண் ஆகியோர் பெயர் அப்பட்டியலில் இல்லை.