ஒரே மரக்காலால் அளக்க!



அமெரிக்க அரசு 2003-இல், நிலக்கரியால் மின்னாக்கிக் கரிவளியை மண்ணுள் புதைக்கும் 'பியூச்சர்சென்' ஆய்வுத் திட்டத்தை அறிவித்தது. செலவில் 74 விழுக்காடு மக்கள் வரிப்பணம். எஞ்சிய 26 நிறுவனங்களின் பங்கு. செலவு 95 கோடித் தாலரினின்று 180 கோடியாகி, ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று சொல்லி, 2008-இல் ஆற்றல் துறை முதல் திட்டத்தைக் கைவிட்டது.

2009-இல் நாடாளுமன்றத் தணிக்கையகம் ஏட்டைப் புரட்டியது. முதல் தொகை 2004-ஆம் ஆண்டு விலையிற் கணித்தது. அடுத்ததோ 2017 வரையிலான விலையேற்றமும் சேர்த்தது! ஒரே அளவையில் உயர்வு 39 விழுக்காடே.

மரக்காலால் அளந்ததைப் படியால் அளந்ததோடு ஒப்பிடலாமோ? பங்கு விழுக்காட்டை மட்டும் பறைசாற்றல் வெளிப்படை ஆகாது. பணம் ஈந்த மக்களுக்குத் தொகையோடு, அதனைக் கணித்த முறையையும் முடிவெடுக்கும் முன்பே காட்டுதல் அரசின் கடன்!