வைப்புப் பணமும் அதன் பெறுமதியும்

அரசாங்க வங்கிகளில் மக்கள் இட்டுள்ள வைப்புப் பணம் இத்தனை கோடியாக உயர்ந்தது என்று ஆண்டறிக்கைகள் கூறும்போது நாம் மகிழ்வடைகிறோம். அவ்வுயர்வை எவ்வாறு அளந்தறிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதற்கு வேண்டிய பாடம் எமது கண்டிச் சீமையின் வரலாற்றிலேயே உண்டு.

19ஆம் நூற்றாண்டில் இம்மலைநாடு கோப்பித் தோட்டங்களால் செழித்திருந்தது. அத்தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து முதன்மை பெற்றிருந்தது ஓரியண்டல் வங்கி. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கொடுத்த கடன் திரும்பவில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் கலங்கி நின்றனர். தேசாதிபதி சேர் ஆதர் கோடன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துப் பெருங்குழப்பத்தைத் தடுத்தார். அடுத்த ஆண்டில் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி தோன்றியது. சிறு தொகையைச் சேமிக்கும் ஏழைக்கும் அரசாங்கத்தின் பொறுப்பில் ஓர் இடம் கிடைத்தது.

ஆயினும் வர்த்தக வங்கித் தொழில் நெடுங்காலம் அந்நியர் கையிலேயே இருந்தது. இலங்கையர் கடனுக்குப் பெரும்பாலும் செட்டிமாரையே நாடினர். 1934இல் சேர் சொராப்ஜி போச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்து, சுதேச வங்கி ஒன்று வேண்டுமென்று கூறியது. அதன் பயனாக 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. கொழும்புக்கு வெளியே அதன் முதற்கிளை 1941இல் அமைந்தது எமது கண்டி நகரிலேயாம். 1961இல் அவ்வங்கி அரசுடைமையாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் மக்கள் வங்கியும் பிறந்தது. அதனை உருவாக்க முன்னின்ற அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன, 1947இல் கண்டித் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவானவர்.

அன்று முதல் தெல்தோட்டைத் தோட்டத் தொழிலாளியும், கட்டுகஸ்தோட்டைச் சிறு வியாபாரியும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் தத்தம் பணத்தை இவ்வங்கிகளில் நம்பி வைத்தனர். சிறு துளிகள் பெருவெள்ளமாயின. 2022ஆம் ஆண்டின் முடிவில் இலங்கை வங்கியின் வைப்பு மட்டும் மூன்று இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியிருந்தது.

அதே 2022ஆம் ஆண்டிலேதான் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. செப்ரெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. இதனை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஓர் இலட்சம் ரூபாவை வைப்பிலிட்டார். ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி பெற்றார் என்று கொள்வோம். அவர் கணக்கில் 1,10,000 ரூபா இருக்கும். முன்னர் ஓர் இலட்சத்துக்கு வாங்கிய பண்டங்களை மீண்டும் வாங்க 1,69,800 ரூபா வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தொகை கூடியிருக்கிறது; கூடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது!

1884இல் வங்கி கதவடைத்தது. இழப்பு யாவர் கண்ணுக்கும் தெரிந்தது. 2022இல் அரசாங்க வங்கிகளின் கதவுகள் திறந்தே இருந்தன. கேட்டவருக்குப் பணமும் கிடைத்தது. ஆகவே இழப்பு ஓசையின்றி நேர்ந்தது. 2010இல் ஏற்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டம், உரிமம் பெற்ற வங்கியொன்று முறிந்தால் 2021 முதல் பதினொரு இலட்சம் ரூபா வரை ஈடு செய்ய வகை செய்தது. அது தொகையைக் காக்கும். தொகையின் பெறுமதியைக் காக்க அதனால் இயலாது.

பெறுமதியைக் காக்கும் கடமை நாட்டின் நிதி நிருவாகத்தைச் சார்ந்தது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் விலை உறுதியை அவ்வங்கியின் முதல் நோக்கமாக்கியது. அரசாங்கத்துக்கு நேராகக் கடன் கொடுப்பதையும் தடுத்தது. இது நன்று. எனினும் அச்சட்டத்தைக் காத்து நிற்க விழிப்புள்ள மக்கள் வேண்டும்.

ஆதலால், நேயர்களே, சேமிப்பைக் கைவிடாதீர்கள். வைப்பு உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்கும்போதெல்லாம், விலைவாசி எவ்வளவு உயர்ந்தது என்றும் உடன் கேளுங்கள். வீட்டிலே பிள்ளைகளுக்கும் அவ்வாறு கேட்கப் பழக்குங்கள். மக்கள் வங்கியில் வைப்பது உழைப்பின் பயனை. அப்பயன் குன்றாது திரும்பக் கிடைக்கும் நாட்டிலேதான் நம்பிக்கை நிலைபெறும்.