மலையைத் தேடிப் போனவர்கள்



நல்ல காலநிலையும் மலைக்காட்சியும் தேடி இன்று பலர் ஊர் மாறுகிறார்கள். கொடகவெலத் தோட்டங்களை விட்டுப் போன நம் தோழிகளுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

தமிழகத்தில் சமவெளிக்கு அனுப்பப்பட்ட பலருக்கு அந்த வெயிலும் பழகாத தொழிலும் ஒத்துவரவில்லை. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்கள் அமைத்திருந்தது. கோத்தகிரி, கூடலூர் என்று அவர்களும் மலையேறினார்கள்.

ஏழாம் வகுப்பில் என் வாங்கில் இருந்தவளைப் பல வருடங்களின் பின் கோத்தகிரியில் கண்டேன்.

“இங்க குளிரு எலும்புல ஏறுது. நம்ம கொடகவெலயில இப்படி இல்லையே. ஆனா கொழுந்து எடுக்கக் கை மறக்கல” என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “பள்ளிக்கூட இடாப்புல எம் பேரு இன்னும் இருக்கா?”

சாதாரண தரம் எழுதாமலே போனாலும் அவள் நம் பழைய மாணவிதான். மலர் வாசிக்கும் சகோதரிகளே, இப்படிப் போனவர்களை அறிந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். இந்த நூற்றாண்டிலாவது அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்வோம்.