இரவொளியில் படம் பிடித்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசும் இம்மேடையில் காமிராவைப் பற்றிப் பேச எமக்கு என்ன தகுதி என்று தாங்கள் எண்ணக்கூடும். தகுதி ஒன்றுண்டு. இத்துறையில் செய்யத்தக்க பிழைகள் யாவற்றையும் நாம் செய்து முடித்திருக்கிறோம். அவற்றுள் பெரியதை முதற்கண் கூறிவிடுகிறோம்.

தில்லி நேதாஜி நகரில், அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் பல்லாண்டு வாழ்ந்தோம். திருக்கார்த்திகையன்று எம் அன்னையார் தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அகல் ஏற்றுவார். ஓர் ஆண்டு, கடைசி அகலின் திரியை அவர் தூண்டிக்கொண்டிருந்தபோது படம் எடுத்தோம். பிளாஷ் விளக்கு பளிச்சிட்டது. பிலிம் கழுவி வந்ததும் பார்த்தால், சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று. மாவு பூசினாற் போன்ற முகம் ஒன்று. அதன் பின்னே கன்னங்கரிய நிழல் ஒன்று. விளக்குகளைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது. போகட்டும், அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அடுத்த ஆண்டும் அவ்வாறே கழிந்தது. 2016-இல் நேதாஜி நகர், சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட அரசாங்கம் முடிவு செய்தது. நாம் வாழ்ந்த வரிசையும் பின்னர் இடிபட்டது. அன்னையாரும் இன்றில்லை. எஞ்சியிருப்பது அந்தச் சுண்ணாம்புச் சுவர்ப் படம் ஒன்றே.

பிளாஷ் செய்யும் தீங்கு யாது? அகலின் ஒளி கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தில் படிந்து, கன்னத்தின் வளைவையும் மூக்குத்தியின் மினுக்கையும் காட்டுகிறது. பிளாஷோ காமிராவின் அருகிலிருந்து நேரே பாய்ந்து அவ்வளவையும் தட்டையாக்கிவிடுகிறது. மேலும், அவ்வொளிக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று. கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கிப் பிளாஷ் அடிப்பவர் எதை வெளிச்சமாக்குகிறார்? நம் சங்கத்து ஆண்டு விழா ஆல்பங்களில் முன்வரிசைப் பெரியோர்களின் பின்தலைகள் மிகத் தெளிவாக விழுந்திருப்பதன் காரணம் இதுவே.

பிளாஷை அணைத்துவிட்டால் இருக்கும் ஒளியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறக்கலாம். எஃப் 3.5 துவாரத்தைக் காட்டிலும் எஃப் 1.8 துவாரம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-இலிருந்து 1600-க்கு உயர்த்தினால் பதினாறில் ஒரு பங்கு ஒளியே போதும். படத்தில் சிறிது மணல் தூவினாற் போலிருக்கும், அதனால் குற்றமில்லை. மங்கிய படத்தைவிட மணற்படம் மேல் என்பது எம் கட்சி. எஞ்சுவது நேரம். எட்டுப் பத்து அகல்கள் எரியும் சுவரோரம், அருகில் அமர்ந்தவர் முகத்துக்கு எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 1600, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு என்று தொடங்கிப் பார்க்கலாம்.

இவ்வளவு நேரம் கை நடுங்காதிருக்க வேண்டுமே! தூணில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவில் ஒடுக்கி, பாதி மூச்சை விட்டு நிறுத்திப் பொத்தானை அழுத்துக. தெருவையோ கட்டடத்தையோ எடுப்பதாயின் முக்காலி வேண்டும்; அஃதில்லையேல் மதிற்சுவரும் உதவும். அப்போதும் விரல் பட்டுக் காமிரா அசையும் ஆதலின், இரண்டு விநாடி கழித்துத் தானே இயங்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது நலம். 1930-களில் பாரிஸ் நகரத்து இரவுகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற பிரஸ்ஸாய், ஒரு சிகரெட்டு எரிந்து முடியும் பொழுதைக் கொண்டே லென்ஸைத் திறந்து வைக்கும் நேரத்தை அளந்தார் என்பர். நாம் அப்பழக்கத்தை எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாலே போதும்.

நம் பெண்குழந்தைகளின் நாட்டியத்துக்கு வருவோம். பின்திரை கறுப்பு, குழந்தையின் மேல் விளக்கு. காமிரா கறுப்புத் திரையைக் கண்டு இருட்டென்று மயங்கி, ஒளியைக் கூட்டி, முகத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே முகத்தை மட்டும் அளந்து கொள்ளுக. ஓடும் காலைத் துரத்த வேண்டா. ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் அடவு நிற்கும் கணம் ஒன்றுண்டு. ஜதி தெரிந்த தாய் அக்கணத்தை முன்னரே அறிவாள். காமிரா வல்லவரான தந்தையைவிட அவளே நல்ல படம் எடுப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

கைப்பேசியை இழிவாகக் கருத வேண்டா. 2018 முதல் பரவிவரும் ‘இரவு முறை’ பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அசையாத பாட்டியாருக்கு அது மிகப் பொருந்தும். அசையும் பேரனோ ஆவியைப் போல் விழுவான். திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியைச் சற்றே இறக்கினால் சுடரின் வடிவம் கெடாது. விளக்கின் மஞ்சள் நிறத்தை வெண்மையாகத் திருத்த முயல்வதும் வேண்டா. எல்லாவற்றிற்கும் முன்பு, அப்பளம் பொரித்த கைவிரலின் எண்ணெய் லென்ஸில் ஒட்டியிருக்கும்; அதை முந்தானையாலாயினும் துடைத்துவிடுக. விளக்கைச் சுற்றிக் கோடு கோடாக ஒளி சிதறுவது பெரும்பாலும் இதனாலேயே.

இன்னொன்று. முழு இருட்டு வரும்வரை காத்திருக்க வேண்டா. கதிரவன் மறைந்த பின் அரைமணி நேரம் வானம் ஆழ்ந்த நீலமாயிருக்கும். அகலை ஏற்றியதும் எடுத்தால் சுடரும் விழும், பின்னேயுள்ள வேப்பமரமும், எதிர்வீட்டு மாடிப்படியும் விழும். நேதாஜி நகரில் எங்கள் தாழ்வாரத்தின் எதிரே ஒரு வேம்பு நின்றது. எம் படத்தில் அவ்விடம் வெறும் கறுப்பு.

வரும் கார்த்திகையன்று மாலை ஐந்து மணிக்கே நம் சங்க வாயிலில் அகல்கள் வைக்கப்படும். காமிராவோ கைப்பேசியோ உள்ளவர்கள் கொண்டு வருக. பாட்டிமார்களையும் உடன் அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.