பாதைக்கும் உரிமை உண்டு

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே!

கண்ணியத்திற்குரிய முஃமின்களே! பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஜும்ஆவுக்கு விரையும் அவசரத்தில் நடைபாதையை அடைத்து வாகனத்தை நிறுத்திவிட்டு முதல் ஸஃப்பில் போய் நிற்கிறோமே, இது முறையா? அவ்வழியே வரும் மூதாட்டி, பேரனின் கையைப் பிடித்தபடி, பேருந்துகள் விரையும் சாலையில் இறங்கி நடக்கிறார்.

இது சிறிய விஷயமன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 32,825 பாதசாரிகள் சாலை விபத்துகளில் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நடைபாதையில் வாகனம் நிறுத்தக் கூடாது. பாதசாரிகள் கடக்கும் கோடுகளின் முன் வேகம் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் விதிமுறை. நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கூறியது.

நடப்பவருக்கும் கடமை உண்டு. சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிப்பவர், நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ள இறைவன் விதித்த தடையை (2:195) எண்ணிப் பார்க்கட்டும்.

சகோதரர்களே! தொழுகை அல்லாஹ்வின் உரிமை. நடைபாதை அடியார்களின் உரிமை. அடியாருக்கு இழைத்த அநீதியை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். அந்த மூதாட்டி யாரென்றே நாம் அறியோம். யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்போம்?

அடுத்த வெள்ளியன்று பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோம். வாகனத்தைத் தொலைவில், உரிய இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவோம். பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டல்லவா!

பிறருக்குத் தொல்லை தராத நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.