அச்சும் தெரியணும், சூளையும் தெரியணும்

கொலுவில் வைக்கிற பீங்கான் பொம்மையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடியில் சின்னதாய் ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே வெறும் கூடு.

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் இத்தகைய பொம்மைகள் செய்கிறார்கள். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரில் மண் தோலாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். எப்போது? அங்கேதான் சூட்சுமம். அவசரப்பட்டால் பொம்மை தொய்யும். தாமதித்தால் கனத்துப்போய், சரியாகக் காயாமல் சூளையில் விரிசல் விடும்.

விரிசல் விட்டதும் ஊற்றுகிறவர் சூளைக்காரரைத் திட்டுவார். சூளைக்காரர் மண்ணைத் திட்டுவார்! மண், அச்சு, மெருகு, நெருப்பு எல்லாம் பழகியவர்தான் பிழை எங்கே என்று சொல்வார். முதலாளி கூப்பிட்டுக் கேட்பதும் அவரைத்தான்.

இன்னொன்று. பீங்கான் ஃபியூஸ் கேரியரும் இந்த ஊர்ச் சரக்குதான். இப்போது புது வீடுகளில் அதற்குப் பதிலாக, மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் வந்துவிட்டது. ஃபியூஸ் கேரியர் மட்டுமே தெரிந்தவர் பாடு திண்டாட்டம். நவராத்திரிக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று மாறத் தெரிந்தவருக்குக் கை ஓயாது.

இதையெல்லாம் சேர்த்துச் சொல்லித்தர விருத்தாசலத்திலேயே அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. பட்டயப் படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு நடை போய் விசாரித்து வாருங்களேன்.